பைபிளில் திரும்பத் திரும்ப வருவதைத் தேடப்போனேன், என் வீட்டுக் கதை வந்து நின்றது

கேள்வி: வேதாகமத்தில் திரும்பத் திரும்ப வரும் எண்கள், சொற்கள், சம்பவங்களை ஆன்லைன் கருவிகளில் தேடிப் பார்ப்பதில் பயன் உண்டா? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

பார்த்திருக்கிறேன். ஏழு, நாற்பது என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியதைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் வரும் வாரம் வேதபாடம் எடுக்கும் வேலையை உங்கள் தலையில் கட்டியிருப்பார்கள். எனக்கு நடந்தது இரண்டாவது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் போதகர் இல்லை. எபிரெயு தெரியாது. 119-ஆம் சங்கீதத்தில் எட்டெட்டு வசனத்துக்கு ஒரு தலைப்பாக வருகிற ஆலெப், பேத் வரைதான் என் எபிரெயு. "ஜெபத்தோடு வாசிக்க வேண்டியதை கம்ப்யூட்டரில் தட்டிப் பார்ப்பதா" என்று கேட்கப் போகிறவர்களுக்கும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: என் தாத்தா, ஒத்த வசனங்களை ஓரத்தில் குறித்திருக்கும் ஒத்தவாக்கிய வேதாகமத்தின் ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டு ஆதியாகமத்துக்கும் எபிரெயருக்கும் தாவித் தாவிப் போவார். அதே வேலைதான் இது. விரலுக்குப் பதில் மவுஸ்.

எங்கள் சபை ராயபுரம் பக்கம். வாலிபர் கூட்டத்துக்கு சனிக்கிழமை பாடம் எடுக்க வேண்டும். நான் பயன்படுத்துவது இரண்டு. ஒன்று, நம் பழைய தமிழ்த் திருப்புதலில் (மொழிபெயர்ப்பில்) சொல் தேடித் தரும் ஒரு சாதாரணத் தளம். இன்னொன்று ஸ்டெப் பைபிள். கேம்பிரிட்ஜில் உள்ள டின்டேல் ஹவுஸ் ஆய்வு நிலையத்தார் இலவசமாகத் தருவது. அதில் ஆங்கில வசனத்தின் ஒரு சொல்லைத் தொட்டால், அதற்கு மூலமான எபிரெயு அல்லது கிரேக்கச் சொல்லையும், அது வேறு எங்கெல்லாம் வருகிறது என்பதையும் காட்டும். ஜேம்ஸ் ஸ்ட்ராங் என்ற அமெரிக்கர் 1890-இல் வெளியிட்ட சொல்லடைவில் (எந்தச் சொல் எங்கே வருகிறது என்ற பட்டியலில்) எபிரெயுப் பகுதிக்கு மட்டும் 8,674 எண்கள் கொடுத்தார். இன்றைய தளங்கள் பலவும் அந்த எண்களின் மேல்தான் ஓடுகின்றன.

தமிழில் மட்டும் தேடினால் ஏமாந்து போவீர்கள். "கிணறு" என்று தட்டினால் "கிணற்றை" வராது, "கிணற்றில்" வராது. "கிணற்" என்று வெட்டிப் போட்டாலும் ஆதியாகமம் 24 வராது, ஏனென்றால் ஆபிரகாமின் ஊழியக்காரன் ரெபெக்காளைப் பார்க்கிற இடத்தில் நம் பழைய திருப்புதல் "துரவு" என்கிறது. மோசே மீதியானில் போய் உட்கார்ந்ததும் துரவண்டைதான். யாக்கோபு ராகேலைப் பார்ப்பதோ கிணற்றடியில். எபிரெயுவில் மூன்று இடத்திலும் ஒரே சொல்தான். பெயெர்செபாவில் இருக்கிற அந்தப் பெயெர். மூலத்தில் தேடினால்தான் மூன்றும் ஒரே வரிசையில் வந்து நிற்கும். அந்நிய ஊரிலிருந்து வருகிற ஆண், தண்ணீர் எடுக்க வருகிற பெண், ஓடிப்போய் வீட்டில் சொல்வது, சாப்பாடு, கல்யாணம். இதை மனதில் வைத்துக்கொண்டு யோவான் 4-இல் கிணற்றடியில் இயேசுவைச் சந்திக்கிற சமாரியப் பெண்ணைப் படித்தால் வேறு மாதிரி இருக்கும். (எங்கள் தெரு அடி பம்பில் கல்யாணம் எதுவும் முடிவானதில்லை. சண்டைதான் நடந்திருக்கிறது.)

எண்களைப் பற்றிக் கேட்டீர்கள். நாற்பது உண்மையிலேயே நிறைய வருகிறது: நோவாவின் மழை, சீனாய் மலையில் மோசே, கானானை வேவு பார்த்த நாட்கள், கோலியாத் வந்து நின்று சவால் விட்டது, எலியா ஓரேப் வரை நடந்தது, இயேசுவின் உபவாசம். ஆனால் நினிவேக்கு யோனா கொடுத்த கெடு எபிரெயுவில் நாற்பது நாள், பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் மூன்றே நாள். எண்ணின் மேல் ரொம்பப் பெரிய வீடு கட்டாதீர்கள்.

யோவான் 21-இல் சீஷர்கள் வலையில் பிடித்த 153 மீனும் அப்படித்தான். ஒன்று முதல் பதினேழு வரை கூட்டினால் 153 வரும் என்று அகஸ்டின் காலத்திலேயே கணக்குப் போட்டிருக்கிறார்கள். காசிமேட்டில் ஏலம் விடுகிற என் நண்பனிடம் இதைச் சொன்னேன். "பங்கு பிரிக்கணும்னா எண்ணித்தானே ஆகணும், இதுல என்ன ரகசியம்?" என்றான். அந்த வலையைக் கரைக்கு இழுத்தவர் பேதுரு. பேதுருவின் பழைய தமிழ்ப் பெயர் இராயப்பர். அந்தப் பெயரில்தான் எங்கள் ராயபுரமே இருக்கிறது. அதனால் இந்த விஷயத்தில் என் நண்பன் பேச்சுக்கு நான் கொஞ்சம் கூடுதல் மதிப்பு கொடுக்கிறேன்.

எழுத்துகளைச் சம இடைவெளி விட்டுப் படித்தால் தீர்க்கதரிசனம் கிடைக்கும் என்கிற "பைபிள் கோட்" பக்கம் மட்டும் போகவே போகாதீர்கள். 1997-இல் அது பற்றி ஒரு புத்தகம் வந்து சக்கைப்போடு போட்டது. பிரெண்டன் மெக்கே என்ற ஆஸ்திரேலியக் கணித அறிஞர், திமிங்கில வேட்டை நாவலான மோபி டிக்கில் அதே முறையில் தேடி, தலைவர்கள் கொல்லப்பட்ட செய்திகளை எடுத்துக் காட்டினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்திருக்க வேண்டும். எங்கள் சபை மூத்தவர் ஒருவருக்கு இன்னும் முடியவில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன். நான் எடுத்துக்கொண்ட பாடம், மூத்தவனைத் தள்ளிவிட்டு இளையவன் மேலே வருவது. இதைக் கருவியில் ஒரு சொல்லைப் போட்டுத் தேட முடியாது. "மூத்தவன்", "முதற்பேறு", "சேஷ்டபுத்திரபாகம்" (மூத்த மகனுக்குரிய உரிமை) என்று தனித்தனியாகத் தேடி, ஒவ்வொரு அதிகாரமாகப் படித்து, எக்செல்லில் ஏற்ற வேண்டும். துறைமுகத்துக்கு எதிரே கிளியரிங் ஆபீசில் இருபது வருஷமாக எக்செல்தான் என் பிழைப்பு. காயீன் போய் ஆபேல், இஸ்மவேல் போய் ஈசாக்கு, ஏசா போய் யாக்கோபு, சேரா போய் பேரேஸ், மனாசே போய் எப்பிராயீம். ஆரோனுக்கு 83 வயதாகும்போது தம்பி மோசேக்கு 80. பார்வோனிடம் தலைவனாகப் போனது தம்பி. ஈசாயின் வீட்டில் ஆடு மேய்க்கிற கடைக்குட்டி தாவீது. இரண்டு மடங்கு பங்கு மூத்தவனுக்கு என்று உபாகமம் 21 சட்டம் போடுகிறது. கதைகளோ ஒவ்வொன்றாக அதை மீறிக்கொண்டே போகின்றன.

தாவீது என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது, சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1991-இல் ஒரு வேதாகம வினாடி வினா. ஈசாயின் பிள்ளைகளில் தாவீது எத்தனையாவது? ஏழாவது என்று எழுதினேன். தப்பு, எட்டாவது என்று மார்க்கை வெட்டிவிட்டார்கள். 1 சாமுவேல் படி எட்டுதான். ஆனால் 1 நாளாகமம் 2:15 எடுத்துப் பாருங்கள், ஏழாம் குமாரன் என்று அச்சடித்திருக்கிறது. புத்தகத்தைத் திறந்து காட்டினேன். "நடுவர் தீர்ப்பே இறுதியானது" என்றார்கள். முதல் பரிசு சுவர்க் கடிகாரம். எனக்கு சோப்பு டப்பா. அந்தக் காலத்தில் இந்தக் கருவி இருந்திருந்தால் மேடையிலேயே போட்டுக் காட்டியிருப்பேன்.

சரி. பதினோரு வரி சேர்ந்தது. சொல்லவே கூடாது என்று இருந்தேன், ஆனால் சொல்லாவிட்டால் இந்தப் பதில் பொய்யாகிவிடும்: நான் வீட்டுக்கு மூத்தவன். தண்டையார்பேட்டையில் அப்பா கட்டிய வீடு, அரை கிரவுண்டுக்கும் குறைவு. கடைசி ஆறு வருஷம் அப்பாவை ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு அலைந்தது நான். வீட்டைத் தம்பி பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதி வைத்துவிட்டார். மாடி கட்டத் தம்பி துபாயிலிருந்து பணம் அனுப்பியது உண்மை, அதை மறைக்கவில்லை. அவன் கேட்டு வாங்கவும் இல்லை. மூத்த உரிமையை விற்ற ஏசாவுக்குப் பயற்றங்கூழாவது கிடைத்தது. அதுவாவது கிடைத்ததா எனக்கு?

அந்தச் சனிக்கிழமை பட்டியலை புரொஜெக்டரில் போட்டேன். குரலில் கொஞ்சம் சூடு இருந்திருக்கும் போல. கல்லூரியில் புள்ளியியல் படிக்கிற பெண் ஒருத்தி கையைத் தூக்கினாள்.

"அங்கிள், கிடைச்சதை மட்டும் போட்டிருக்கீங்க. பொருந்தாததை எங்க?"

"என்னம்மா பொருந்தலை?"

"யூதா நாலாவது பிள்ளை. லேவி மூணாவது. ராஜாக்களும் ஆசாரியர்களும் அவங்க வழியாத்தான் வந்தாங்க. கடைசி பென்யமீன், அவருக்கு என்ன கிடைச்சது? யோசேப்பே பதினொண்ணாவது, கடைசி இல்லையே."

சவுல் ராஜா பென்யமீன் கோத்திரம்தானே என்று சமாளித்தேன். "அவரைத்தான் தள்ளிட்டாங்களே அங்கிள்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து இரவு பதினோரு மணிக்கு மறுபடி உட்கார்ந்தேன், அவள் சொன்னதைத் தப்பென்று நிரூபிக்க. அவள் சொன்னது சரிதான். நான் எக்செல்லில் "பொருந்தாதவை" என்று ஒரு பத்தியே வைக்கவில்லை. நீங்கள் தேட ஆரம்பித்தால் அந்தப் பத்தியை முதலில் போடுங்கள்.

அப்புறம் சும்மா ஒரு சொற்றொடரைத் தட்டினேன். லூக்கா 15-இல் வருகிற கெட்ட குமாரன் கதையில், வீடு திரும்புகிற மகனைப் பார்த்துத் தகப்பன் ஓடிப்போய் மகன் "கழுத்தைக் கட்டிக்கொண்டு" முத்தஞ்செய்கிறார் அல்லவா? அதைத் தட்டினால் யோசேப்பு பென்யமீனைக் கட்டிக்கொண்டது வந்தது, பவுலை எபேசு மூப்பர்கள் கட்டிக்கொண்டது வந்தது. கூடவே ஆதியாகமம் 33:4. ஓடிவருகிறான், தழுவுகிறான், கழுத்தைக் கட்டிக்கொள்கிறான், முத்தஞ்செய்கிறான். லூக்காவில் தகப்பன் செய்கிற அதே செயல்கள், கிட்டத்தட்ட அதே வரிசையில். தம்பி யாக்கோபுக்கு இதைச் செய்கிறவன் ஏசா. ஏமாற்றப்பட்ட மூத்தவன். (1995-இல் வந்த திருவிவிலியத்தில் தேடினால் லூக்காவில் இந்தச் சொற்றொடர் சிக்காது, அங்கே "கட்டித் தழுவி". எந்தத் திருப்புதலில் தேடுகிறோம் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏசாவோடு 400 பேர் வந்தார்கள், அது நாற்பதின் பத்து மடங்கு என்று யாராவது ஆரம்பித்தால் நான் பொறுப்பில்லை.)

என் பதினோரு வரியில் ஏசா இருந்தான். ஆனால் 27-ஆம் அதிகாரத்தில், தகப்பனின் ஆசீர்வாதத்தைத் தம்பி தட்டிக்கொண்டு போனபின் அழுதுகொண்டு நின்ற ஏசா. 33-ஆம் அதிகாரத்தை நான் திறக்கவே இல்லை.

அடுத்த சனிக்கிழமை அந்த அதிகாரத்தை எடுத்தேன். ஒன்பதாம் வசனத்தில் ஏசா, "என் சகோதரனே, எனக்குப் போதுமானது இருக்கிறது" என்கிறான். அதுவரை வாசித்தேன். மீதியை அந்தப் பெண்ணை வாசிக்கச் சொன்னேன். தொண்டை சரியில்லை என்று சொன்னேன், நம்பினார்களோ என்னவோ.

அந்த வாரம் தம்பிக்கு நானே போன் போட்டேன். மாடித் தொட்டி ஒழுகுகிறது, ஆள் வைத்துச் சரி செய்துவிட்டேன், 1,800 ஆனது, நீ அனுப்ப வேண்டாம் என்றேன். "சரிண்ணா" என்றான். பத்து நிமிஷத்தில் ஜிபேயில் இரண்டாயிரம் வந்து விழுந்தது. திருப்பி அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டே பைபிளை எடுத்துப் பார்த்தேன். பதினோராம் வசனத்தில் யாக்கோபு வருந்திக் கேட்க, ஏசா வாங்கிக்கொள்கிறான். நானும் வாங்கிக்கொண்டேன்.