மூன்றடி அகலக் கதவு ஏன் இறங்குகிறது?

கேள்வி: மயிலாடுதுறையில் எங்கள் அடுப்படிக்கு ஆறரை அடி உயரம், மூன்றடி அகலத்தில் 18 மி.மீ. பிளைவுட்டில் மளிகை அலமாரி செய்தோம். ஒரே கதவு, பக்கப்பலகையை மூடியபடி நிற்கும். சாதாரணக் கீல் மூன்று. ஐப்பசி மழை வந்ததும் கீழ்மூலை இடிக்கிறது. ஆட்டோ கீல் (கதவின் உட்பக்கக் குழியில் மறைந்து உட்காரும் ஸ்பிரிங் கீல்) போட்டால் சரியாகுமா?

பதில்: கீலை மட்டும் மாற்றிப் பயனில்லை, குறை அகலத்தில் இருக்கிறது. இந்த அளவுக் கதவு 20 கிலோவைத் தாண்டும். எடையும் அகலமும் சேர்ந்துதான் மேல்கீலை வெளியே இழுக்கின்றன. இரட்டைக் கதவாக்கினால் எடை பாதி, அகலமும் பாதி. மேல்கீல் தாங்கும் இழுவை கால்வாசியாகிவிடும்.

ரம்பத்தை எடுக்கும் முன், அலமாரியின் முன்முகத்தை மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்து பாருங்கள். ஒரு நூலுக்கு (சுமார் 3 மி.மீ.) மேல் வித்தியாசம் வந்தால் பெட்டியே கோணியிருக்கிறது. தண்ணீர் ஓட அடுப்படித் தரைக்கு வாட்டம் விட்டிருப்பார்கள். தாழ்ந்த காலுக்கு ஆப்பு வைத்து ரசமட்டம் பாருங்கள். சில வீடுகளில் இதோடே இடிப்பு நின்றுவிடும். ஆனாலும் மூன்றடிக் கதவை அப்படியே விட வேண்டாம்.

பழைய கதவையே இரண்டாக அறுப்பதானால், முதலில் அதில் நீளவாக்கில் நூல் பிடித்துப் பாருங்கள். 3 மி.மீ.க்கு மேல் வயிறு தள்ளியிருந்தால் அந்தப் பலகை ஆகாது. ஒரு பக்கம் மட்டும் மைக்கா ஒட்டினால், ஒட்டாத பக்கம் ஈரம் குடித்துப் பலகை வளையும். இரண்டு பக்கமும் ஒட்டுங்கள். யாரும் கவனிக்காத மேல், கீழ் விளிம்புகளையும் மூடுங்கள். புதுப் பலகை வாங்கினால் ஐ.எஸ். 710 (ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட்) முத்திரை உள்ளதாக வாங்குங்கள்.

வெளி அகலம் 914 மி.மீ. என்றால் ஒவ்வொரு கதவும் 453. இருபுறமும் 2.5, நடுவில் 3 மி.மீ. இடைவெளி கிடைக்கும்.

இதற்கு ஆட்டோ கீலே நல்லது. மழைக்காலத்தில் கதவு நகர்ந்தாலும் கழற்றாமல் திருப்புளியால் திருத்தலாம். பக்கப்பலகையை முழுதாக மூடும் கதவுக்கு, கீலின் கை வளையாத ‘ஜீரோ கிராங்க்’ கேளுங்கள். கதவுக்கு நான்கு வேண்டும். மேலும் கீழும் 100 மி.மீ. விட்டு ஒவ்வொன்று, மீதி இரண்டில் ஒன்றை மேல்கீலுக்குச் சற்று அருகில் வையுங்கள், பாரம் அங்கேதான். உள்தட்டு வரும் உயரத்தில் கீல் வந்தால், பக்கப்பலகையில் பூட்டும் கீல்தகடு இடிக்கும், ஆகவே தட்டுகளைக் குறித்த பிறகே கீலைக் குறியுங்கள்.

கதவில் கீல் உட்காரும் குழிக்கு 35 மி.மீ. பிட். மையம் கதவு விளிம்பிலிருந்து 22.5, ஆழம் 12.5 மி.மீ. பிட்டின் நடுமுள் முன்னே ஓடும். அவசரப்பட்டால் முன்பக்க மைக்காவில் புள்ளி தள்ளிவிடும். பிட்டில் ஆழத்துக்கு ஒட்டும் டேப் சுற்றி, வெட்டுத்துண்டில் ஒன்று போட்டுப் பார்த்துவிட்டுக் கதவில் வையுங்கள். தகட்டுத் துளைகள் பக்கப்பலகையின் முன்விளிம்பிலிருந்து 37 மி.மீ. உள்ளே. ஸ்க்ரூ 16 மி.மீ. போதும், அதற்கு முன் 2.5 மி.மீ. துளை அவசியம்.

நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் முலாம் பூசிய இரும்புக் கீல் துருப்பிடிக்கும். அங்கே 304 ஸ்டெயின்லெஸ்தான்.

அரிசி, பருப்பு டப்பாக்களை அடுக்கிய பிறகே கடைசியாகக் கதவைச் சரிசெய்யுங்கள். காலி அலமாரியில் பார்த்த இடைவெளி பாரம் ஏறியதும் மாறிவிடும்.