எழுத்துகளைக் கலைச்சுக் கொடுத்து இங்கிலீஷ் வார்த்தை கண்டுபிடிக்கச் சொன்னா எப்படிக் கண்டுபிடிக்கறது?

நீங்க கொடுத்திருக்கற எட்டு எழுத்து ஏ, இ, ஜி, ஐ, எல், என், ஆர், டி (T). பையனோட லீவு ஹோம்வொர்க்ல வந்ததுன்னும், எட்டையும் வெச்சு ஒரு வார்த்தை கூட வரலன்னும் எழுதியிருக்கீங்க. இதுக்கு எனக்குத் தெரிஞ்சு அஞ்சு வார்த்தை இருக்கு, கடைசி வரைக்கும் படிச்சா அஞ்சும் கிடைச்சிடும்.

மொதல்ல ஒரு கணக்கு. எட்டு வேற வேற எழுத்த 40,320 விதமா மாத்தி மாத்தி அடுக்கலாம். ஒவ்வொண்ணா எழுதிப் பாத்தா விடியவே விடியாது, அதனால வால கழட்டணும். வால்னு நான் சொல்றது வார்த்தையோட கடைசில வந்து ஒட்டிக்கறது, ஐ-என்-ஜி, இ-ஆர், இ-டி (ED), ஏ-எல், எல்-இ இந்த மாதிரி. உங்க எழுத்துல ஐ, என், ஜி மூணும் இருக்குல்ல, அத எடுத்து ஓரமா வெச்சிடுங்க. மிச்சம் ஏ, இ, எல், ஆர், டி அஞ்சுதான், அத 120 விதமாத்தான் அடுக்க முடியும், அதுலயும் பாதிக்கு மேல வாயிலயே நுழையாது. அலர்ட் வருதா? வால ஒட்டுங்க, அலர்ட்டிங். ஆல்டர் வருதா? ஆல்டரிங். அப்புறம் ரிலேட், அதுல கடைசி இ போயிட்டு வால் ஒட்டும், ரிலேட்டிங். மூணு ஆச்சு.

எங்கப்பா திருவல்லிக்கேணில ஒரு பிரஸ்ல கம்பாசிட்டரா இருந்தாரு, ஈய எழுத்த ஒவ்வொண்ணா பொறுக்கி ஸ்டிக்ல கோர்க்கற வேலை. சின்ன வயசுல சாப்பாடு கொண்டு போகும்போது எழுத்தெல்லாம் அறை அறையா போட்டு வெச்சிருக்கற பெட்டிய, அத கேஸ்னு சொல்வாங்க, பாத்துட்டே நிப்பேன், இங்கிலீஷ் கேஸ்ல இ எழுத்துக்கு மட்டும் பெரிய அறை, க்யூ, இசட் எல்லாம் தக்குனூண்டு அறை. எது அதிகமா தேவைப்படுமோ அதுக்கு அதிக இடம். எழுத்துக் கட்டைய அடுக்கி வார்த்தை கட்டற ஸ்க்ராபிள் விளையாட்ட 1930கள்ல உருவாக்கின அமெரிக்கர் ஆல்ஃப்ரட் பட்ஸும் பேப்பர்ல எந்த எழுத்து எத்தன வாட்டி வருதுன்னு எண்ணித்தான் கட்டைகள பிரிச்சாரு, மொத்தம் 100 கட்டைல இ மட்டும் 12, க்யூவும் இசட்டும் ஒண்ணே ஒண்ணு. இதுல நமக்கு என்ன உபயோகம்னா, அபூர்வமான எழுத்துதான் நல்ல துப்பு. இ எங்க வேணா போய் உக்காரும், ஆனா க்யூ இருந்தா பக்கத்துல அனேகமா யூ இருக்கும், கே இருந்தா சி-கே, எஸ்-கே, கே-என்னு நாலஞ்சு ஜோடிதான்.

நம்மளுக்கு இருக்கற பெரிய கஷ்டமே காதுதான். தமிழ்ல சத்தத்த கேட்டாலே ஓரளவு எழுதிடலாம், அந்தப் பழக்கத்துல இங்கிலீஷையும் சத்தம் போட்டே தேடறோம். போன மாசம் அண்ணன் பொண்ணோட தாம்பரத்துல இருந்து பீச் ட்ரெயின்ல வரும்போது ஜி, ஹெச், ஐ, கே, என், டி ஆறும் கொடுத்தேன். உடனே "திங், கே மட்டும் மிச்சம் அத்தை"ன்னா. அப்புறம் "திங்க், ஜி மிச்சம்"னா. சைதாப்பேட்டை தாண்டியும் வாய்க்குள்ள முணுமுணுத்துட்டே இருந்தா, வரல. நோட்ட வாங்கி ஆறு எழுத்தையும் வட்டமா எழுதிக் கொடுத்து, வாய மூடிட்டு கண்ணால மட்டும் பாருடின்னு சொன்னேன். எக்மோர் வரும்போது கத்தினா, நைட், குதிரை மேல வர்ற வீரன்! அதுல கே, ஜி, ஹெச் மூணுக்கும் சத்தமே கிடையாது, வாயால தேடினா எப்படி வரும்? நேர் வரிசைல எழுதினா அந்த வரிசையே மனசுல ஒட்டிக்கும், அதனால வட்டமா எழுதுங்க, இல்லன்னா துண்டுப் பேப்பர்ல ஒவ்வொரு எழுத்தா எழுதி கையால நகத்துங்க.

கம்ப்யூட்டருக்கு காதே கிடையாது, அதான் டக்குன்னு சொல்லுது. ஒவ்வொரு வார்த்தையோட எழுத்தையும் ஏ-பி-சி வரிசைல அடுக்கி வெச்சிக்கும். லிசன், சைலண்ட், என்லிஸ்ட் மூணையும் அப்படி அடுக்கினா இ, ஐ, எல், என், எஸ், டின்னு ஒரே மாதிரி வரும், அப்ப மூணும் ஒரே குடும்பம். ஆனா எல்லா எழுத்தையும் சரியா பயன்படுத்தற வார்த்தை வேற, இந்த எழுத்தெல்லாம் உள்ள இருக்கற எந்த வார்த்தையும் வேற, ரெண்டும் ஒண்ணு இல்ல. ரெண்டாவதுக்கு அடுக்கறது உதவாது, லிஸ்ட்ல எல் இருக்கறத மட்டும் நிறுத்து, அதுல ஜி இருக்கறத மட்டும் நிறுத்துன்னு ஒவ்வொண்ணா சலிக்கணும். ரெண்டு எல் வேணும்னா அதையும் தனியா சொல்லணும், இல்லாட்டி ஒரு எல் இருந்தாலே உள்ள விட்டுடும்.

பையனுக்கு இந்த மாதிரி வார்த்தை தேடித் தர்ற ஆப் காட்டறத அவன் அரை மணி நேரமாவது முட்டி மோதினதுக்கு அப்புறம் வெச்சுக்கோங்க, தானா கண்டுபிடிச்ச வார்த்தை ஸ்பெல்லிங்கோட மனசுல நின்னுடும், என் கண்ணால பாத்திருக்கேன்.

மிச்சம் ரெண்டு வேணும்ல? இப்ப அந்த ஐ-என்-ஜி வால திரும்ப கலந்து விட்ருங்க, அது இருந்தா கண்ணு அதையே புடிச்சிட்டு தொங்கும். ஏ-எல்ல வாலா வெச்சா இன்டெக்ரல், பெரிய க்ளாஸ் கணக்குல வரும். எல்-இய வாலா வெச்சுப் பாக்கறத பையன்கிட்ட விட்ருங்க, ஜியாமெட்ரி பாக்ஸ திறந்து ரெண்டு மூலைமட்டத்தையும் அவன் முன்னாடி எடுத்து வெச்சா போதும்.