சினை ஆட்டுக்கு எண்ணெய் கொடுத்தால் குட்டி திடமாகப் பிறக்குமா?

கேள்வி: மேய்ச்சலில் வளரும் செம்மறிகள் வைத்திருக்கிறோம். இப்போது நான்கு மாதச் சினை. போன ஈற்றில் இரட்டைக் குட்டிகள் பலவும் எழுந்து நிற்கவே நேரமெடுத்தன, சில குளிரில் செத்துப் போயின. கடைசி மாதத்தில் தாய்க்கு எண்ணெயோ பைபாஸ் கொழுப்போ (முதல் வயிற்றை மாறாமல் கடந்து குடலில் செரிக்கும் கொழுப்பு) கொடுத்தால் குட்டி திடமாக இருக்கும் என்கிறார்கள். கொடுக்கலாமா? எவ்வளவு?

பதில்: கொடுக்கலாம், ஆனால் எல்லா மந்தைக்கும் அது தேவையில்லை. எண்ணெயைப் புட்டியிலிருந்து நேரே தீவனத்தில் ஊற்றுவதுதான் யோசனை என்றால் வேண்டவே வேண்டாம்.

முதலில் உங்கள் ஆடு என்ன மேய்கிறது என்று பாருங்கள். பசும்புல்லில் கொழுப்பு குறைவுதான், ஆனால் அதில் இருக்கும் கொழுப்பு அமிலங்களில் பாதிக்கு மேல் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம், அதாவது குட்டியின் மூளை வளர்ச்சிக்கு உதவும் ஒமேகா 3 வகை. அதே புல் வெயிலில் காய்ந்து இலை உதிர்ந்துவிட்டால் இதில் பெரும்பகுதி போய்விடும். தானியங்களில் ஒமேகா 6 தான் அதிகம். ஆக, சினையின் கடைசி வாரங்களில் நல்ல பச்சை மேயும் மந்தைக்கு ஒமேகா 3 தனியாக வாங்கிக் கொடுத்துப் பெரிதாக ஆகப் போவது ஒன்றுமில்லை. காய்ந்த மேய்ச்சலும் தானியமுமாக ஓட்டுகிறவர்கள்தான் இதைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அடுத்து, கொடுத்த கொழுப்பு குட்டிக்கு எப்படிப் போகிறது என்பது. அசைபோடும் பிராணியின் முதல் வயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்களுக்கு நிறைவுறா கொழுப்பு ஆகாது; அதில் ஹைட்ரஜனைச் சேர்த்து, பெரும்பகுதியை ஸ்டியரிக் அமிலம் என்கிற நிறைவுற்ற கொழுப்பாக மாற்றிவிட்டுத்தான் கீழே அனுப்பும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஒமேகா 3 குடலுக்கு வரும்போது பெரும்பாலும் ஒமேகா 3 ஆகவே இருக்காது. எண்ணெய் அதிகமானால் நாரைச் செரிக்கும் பாக்டீரியாக்களும் அடங்கிவிடும், ஆடு தீனியைக் குறைக்கும், அதுவும் இரண்டு குட்டிகள் வயிற்றை நெருக்கிக்கொண்டு ஏற்கெனவே கொஞ்சமாகச் சாப்பிடுகிற சமயத்தில்.

இதையும் தாண்டி ரத்தத்துக்கு வந்ததில் கொஞ்சம்தான் நஞ்சுக்கொடியைக் கடக்கும். கருவில் இருக்கும் குட்டி பெரும்பாலும் குளுக்கோஸ், லாக்டேட், அமினோ அமிலங்களை வைத்துத்தான் வளர்கிறது. பிறகு எதற்குக் கொழுப்பு என்றால், மூளைக்கும் விழித்திரைக்கும் டிஹெச்ஏ என்கிற நீண்ட ஒமேகா 3 வேண்டும், குட்டி அதைத் தானே போதுமான அளவு செய்துகொள்ளாது. தாய் வழியாக வருவது சொற்பமானாலும் அதற்கு மதிப்பு உண்டு. கடைசி வாரங்களில் மீன் எண்ணெயோ டிஹெச்ஏ உள்ள பாசியோ தின்ற தாய்களின் குட்டிகள் சீக்கிரம் எழுந்து மடியைத் தேடியதைச் சில சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். எல்லாச் சோதனையிலும் அப்படி வரவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மீன் எண்ணெயில் வேறொரு வம்பு: அளவு கூடினால் பாலின் கொழுப்பு குறையும், சில சோதனைகளில் சீம்பாலும் குறைந்திருக்கிறது. குட்டி வேகமாக எழுந்து போய்க் காலி மடியைச் சப்புவதில் என்ன லாபம்?

குளிர் தாங்குவது தனி விஷயம். பிறந்த குட்டி சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள பழுப்புக் கொழுப்பை எரித்தும், நடுங்கியும் உடம்பைச் சூடாக வைத்துக்கொள்கிறது. லினோலெயிக் அமிலம் (இது ஒமேகா 6 வகை) நிறைந்த குசும்பா விதையைத் தாய்க்குக் கொடுத்தபோது குட்டி குளிரைக் கூடுதலாகத் தாங்கியதாகச் சில முடிவுகள் உண்டு, ஒன்றும் நடக்கவில்லை என்றும் உண்டு. நான் இதை நம்பிக் காசு செலவழிக்கச் சொல்ல மாட்டேன்.

பைபாஸ் கொழுப்புக்கு வருவோம். விற்பனையில் இருப்பதில் பெரும்பாலானவை பாமாயிலிலிருந்து செய்த கால்சியம் உப்புகள். பால்மிடிக், ஒலியிக் அமிலங்கள்தான் அதில் அதிகம். நார்ச் செரிமானத்தைக் கெடுக்காமல் சக்தி தரும், சரி. ஆனால் ஒமேகா 3 அதில் இல்லை. அப்புறம், கிளிசரால் என்ற சிறு பகுதியைத் தவிரக் கொழுப்பிலிருந்து குளுக்கோஸ் உருவாகாது. இரட்டைக் குட்டி சுமக்கும் தாய்க்குக் கடைசியில் பற்றாக்குறையாவது குளுக்கோஸ்தான், சினைக்கால கீட்டோசிஸ் (தாய் தன் உடல் கொழுப்பை அதிகமாகக் கரைத்து, ரத்தத்தில் கீட்டோன்கள் சேரும் நோய்) வருவதும் அதனால்தான். அதற்குத் தானியம் வேண்டும், கொழுப்பு போதாது. உங்கள் குட்டிகள் துவண்டு பிறந்ததற்குத் தாயின் மெலிவுதான் காரணமாக இருக்கும் என்பது என் சந்தேகம். இடுப்பின் மேல் முதுகெலும்பைத் தடவிப் பாருங்கள். முனைகள் கூர்மையாகக் கையில் குத்தினால் எண்ணெய் யோசனையைத் தள்ளிவைத்துவிட்டு, தானியத்தையும் புரதத்தையும் படிப்படியாகக் கூட்டுங்கள். குட்டியின் பிறப்பு எடையில் ஏறக்குறைய 70 சதவீதம் கடைசி ஆறு வாரங்களில்தான் சேர்கிறது.

தாய் நல்ல உடம்போடு இருந்து, மேய்ச்சல் மட்டும் காய்ந்ததாக இருந்தால் ஒமேகா 3 நிறைந்த ஆளிவிதையைப் பரிந்துரைப்பேன். கணக்கு இது: மொத்தத் தீவனத்தின் உலர் எடையில் கொழுப்பு 6 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. 40 கிலோ ஆடு நாளுக்குச் சுமார் 1.2 கிலோ உலர் தீவனம் தின்னும், அப்படியானால் உச்சவரம்பு 72 கிராம். அதில் 30 கிராமுக்கு மேல் புல்லும் தானியமுமே தந்துவிடும். மீதியை முழுக்க நிரப்பத் தேவையில்லை. 70 கிராம் நொறுக்கிய ஆளிவிதை சுமார் 25 கிராம் எண்ணெய் தரும், அது போதும். விதையாகக் கொடுத்தால் எண்ணெய் மெதுவாக வெளியாகும், வயிறும் தாங்கும். வறுத்துக் கொடுப்பது நல்லது, பச்சை விதையில் சயனைடை வெளியிடும் பொருள் கொஞ்சம் உண்டு. 15 கிராமில் தொடங்கி இரண்டு வாரத்தில் முழு அளவுக்கு வாருங்கள். உங்களுக்கு ஈற்றுக்கு இன்னும் ஒரு மாதம் இருப்பதால் நேரம் போகவில்லை, குட்டிக்குப் பலனில் ஒரு பங்கு சீம்பால், பால் வழியாகவும் போகப் போகிறது. இப்படிப்பட்ட நிறைவுறா கொழுப்பைக் கூட்டும்போது வைட்டமின் ஈ தேவையும் கூடும், இல்லாவிட்டால் குட்டிக்குத் தசைநோய் வரலாம். காய்ந்த புல்லில் அது குறைவு என்பதால் தாதுக் கலவையில் இருக்கிறதா என்று பாருங்கள். செலினியத்தை மட்டும் கால்நடை மருத்துவரிடம் கேட்காமல் தொடாதீர்கள், கொஞ்சம் கூடினாலே விஷம்.

புழுக்கை இளகினாலோ, அசைபோடுவது குறைந்தாலோ, தொட்டியில் தீவனம் மீந்தாலோ விதையை அன்றே பாதியாகக் குறையுங்கள். வெள்ளாட்டுக்கும் இதே கணக்கு. மாட்டுக்கும் 6 சதவீத வரம்பு பொருந்தும், கடைசி இரண்டு மாதத்தைக் கவனிக்க வேண்டும். எதைக் கொடுத்தாலும், பிறந்த இரண்டு மணி நேரத்துக்குள் குட்டியின் ஒவ்வொரு கிலோ எடைக்கும் 50 மில்லி சீம்பால் உள்ளே போயிருக்க வேண்டும். இரட்டையில் சின்னதை முதலில் மடியில் பிடித்துவிடுங்கள்.