வெயிலுக்கு வாடகையா?

தோல் நோய்ப் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்று, இப்போது கிருஷ்ணகிரியில் இருக்கும் செவிலியர் உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கேள்வி: ஓசூரில் ஆறு வருடமாக பியூட்டி பார்லர் நடத்துகிறேன். பெங்களூரில் ஒரு ஸ்பாவை மூடுகிறார்கள். அங்கே இருக்கும் ‘டேனிங் பெட்’டை பாதி விலைக்குத் தருவதாக ஒரு புரோக்கர் சொல்கிறார். கம்பெனி வேலையாக வரும் வெளிநாட்டுக்காரர்கள் விரும்பிக் கேட்பார்களாம். வாங்கிப் போடலாமா?
— பெயர் வேண்டாம் என்ற வாசகி, ஓசூர்

உங்கள் கடை போர்டைப் பார்க்காமலே அதில் ஒரு வரியைச் சொல்லட்டுமா? ‘டீ-டேன் செய்யப்படும்’. ஒரு ரூமில் வெயில் கறுப்பை எடுக்கக் காசு, பக்கத்து ரூமில் அதே கறுப்பை ஏற்றக் காசு. யோசனை என்னவோ சாமர்த்தியமானதுதான். ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஏன் என்பதற்குக் கொஞ்சம் விளக்கம் வேண்டும்.

பெட் என்றதும் மெத்தை என்று நினைத்துவிடாதீர்கள். சிப்பி மாதிரி திறந்து மூடும் பெட்டி அது. அடியிலும் மூடியிலும் வரிசையாக டியூப்கள். கண்ணாடி போலத் தெரியும் அக்ரிலிக் பலகை மேல் படுத்து, மூடியை இழுத்துவிட்டுக்கொள்ள வேண்டும். டியூப் நம் வீட்டு டியூப்லைட்டின் தம்பிதான். இரண்டிலும் உள்ளே பாதரச ஆவி, இரண்டிலும் கரண்ட் பாய்ந்ததும் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக்கதிர் பிறக்கிறது. வீட்டு டியூப்பின் உள்பக்கம் பூசிய பொடி அதை வெளிச்சமாக மாற்றிவிடும். டேனிங் டியூப்பில் பூசிய பொடி வேறு. அது இன்னொரு புற ஊதாக்கதிராகவே, பெரும்பாலும் ‘யு.வி.ஏ’வாக, வெளியே அனுப்பும். கூடவே சில சதவீதம் ‘யு.வி.பி’யும் வரும்.

ஐரோப்பாவில் இந்தப் பெட்டிக்கு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். தோலைச் சிவக்க வைக்கும் சக்தி சதுர மீட்டருக்கு 0.3 வாட்டைத் தாண்டக் கூடாது. வெயிலில் இருக்கும் புற ஊதாக்கதிரின் வலுவைச் சொல்லும் யு.வி. குறியீட்டில் சொன்னால் 12. அது எவ்வளவு வெயில் தெரியுமா? ஏப்ரல் மாதம், மதியம் பன்னிரண்டரைக்கு, கிருஷ்ணகிரி பேருந்து நிலையத்தில் குடையில்லாமல் நிற்பது. ஏப்ரல் கடைசியை ஒட்டி கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற நம் இரண்டு மாவட்டத்துக்கும் சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். கம்பத்தை நட்டு வைத்தால் நிழல் அதன் காலடியிலேயே சுருண்டு கிடக்கும். அந்த வெயிலைத்தான் அவர்கள் பெட்டியில் அடைத்து நிமிடக் கணக்கில் வாடகைக்கு விடுகிறார்கள். போதாததற்கு, சிவக்க வைக்கும் சக்தியைக் கணக்குப் போடும்போது யு.வி.ஏ-க்கு மதிப்பு மிகக் குறைவு. அதனால் வரம்பு மீறாமலேயே யு.வி.ஏ-வை ஏற்றிக்கொண்டு போகலாம். சக்தி வாய்ந்த பெட்டிகளில் அது உச்சி வெயிலில் இருப்பதைப் போல 10 முதல் 15 மடங்கு வரை போகிறது. தோல் எரியாது, சிவக்காது, ‘ஒன்றும் ஆகவில்லையே’ என்று தோன்றும். யு.வி.ஏ ஆழமாக இறங்கும் கதிர். சுருக்கம், தளர்ச்சி எல்லாம் பத்து வருடம் கழித்துத்தான் தெரியும்.

இந்த வியாபாரம் ஜெர்மனியில் பிறந்தது. ஃப்ரீட்ரிஷ் வோல்ஃப் என்பவர் விளையாட்டு வீரர்களுக்குப் புற ஊதாக்கதிரால் பலன் உண்டா என்று பார்க்கப் போனார். அவர்கள் தோல் நிறம் மாறுவது கண்ணில் பட்டது. 1970-களின் கடைசியில் அது அமெரிக்கா போய்ச் சேர்ந்து, தெருவுக்குத் தெரு கடையானது. 2009-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்தப் படுக்கையை, புகையிலையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கும் முதல் பட்டியலில் சேர்த்தது. இளவயதிலேயே படுக்க ஆரம்பித்தவர்களுக்கு மெலனோமா என்ற தோல் புற்று வரும் ஆபத்து 75 சதவீதம் கூடுதல் என்று அப்போது கணக்கிட்டார்கள். அதே வருடம் பிரேசில் அழகுக்காக இதைப் பயன்படுத்துவதையே தடை செய்தது. ஆஸ்திரேலியாவில் கிளேர் ஆலிவர் என்ற பெண் சாகும் தருவாயில், ‘இந்தப் படுக்கைப் பக்கம் போகாதீர்கள்’ என்று டிவியிலும் பத்திரிகையிலும் சொல்லிவிட்டு 2007-இல் இறந்தார். வயது 26. அங்கே 2016 தொடக்கத்துக்குள் எல்லா மாநிலத்திலும் கடைகளை மூடியாகிவிட்டது. அமெரிக்காவில் 2010-இலிருந்து இதற்கென்றே 10 சதவீத வரி. ஆகவே உங்கள் புரோக்கர் புதுச் சரக்கு எதையும் கொண்டு வரவில்லை. மற்ற ஊர்களில் கழித்துக் கட்டியதைத்தான் உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறார்.

பழைய பெட்டியில் இன்னொரு வில்லங்கம், டியூப்தான். ஓட ஓட அதன் வலு குறையும். வலு குறைந்த டியூப்புக்கு ஏற்ப டைமரில் நிமிடத்தைக் கூட்டி வைத்துப் பழகியிருப்பார்கள். நீங்கள் புது டியூப் மாட்டி அதே நிமிடம் வைத்தால் படுத்தவர் வெந்து எழுந்திருப்பார். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போடாமல் இருந்தால் ராத்திரி கண்ணில் மணல் கொட்டின மாதிரி இருக்கும். வெல்டிங் பட்டறைக்காரர்கள் யாரையாவது கேளுங்கள், சொல்வார்கள்.

வெளிநாட்டு வாடிக்கையாளர் கட்டாயம் நிறம் கேட்டால் பூசிக்கொள்ளும் வகை இருக்கிறது. அதில் இருக்கும் சர்க்கரை போன்ற ஒரு பொருள் மேல்தோலின் செத்த செல்களோடு சேர்ந்து பழுப்பாகும். தோசை முறுகிச் சிவக்கும் அதே ரசாயனம். ஒரு வாரத்தில் உதிர்ந்துவிடும். புற ஊதாக்கதிர் அதில் இல்லை.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. கையிலும் முழங்காலிலும் வெண்புள்ளி. டாக்டர் ‘லைட் ட்ரீட்மெண்ட்’ எழுதிக் கொடுத்திருக்கிறார். என் நாத்தனார் மகன், ‘அது ஃபாரினில் தடை செய்த லைட், கேன்சர் வரும்’ என்கிறான். பயமாக இருக்கிறது. நிறுத்திவிடலாமா?
— ஒரு தாய், பென்னாகரம் வட்டம்

நிறுத்தாதீர்கள் அம்மா. முதலில், ‘வெண்குஷ்டம்’ என்று எழுதாமல் ‘வெண்புள்ளி’ என்று எழுதினீர்களே, அதற்கு நன்றி. குஷ்டத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ஒட்டிக்கொள்ளவும் செய்யாது.

நாத்தனார் மகன் சொன்னதில் பாதி சரி. இரண்டும் டியூப், இரண்டும் புற ஊதா. ஆனால் ஆஸ்பத்திரிப் பெட்டியில் இப்போது இருப்பது பெரும்பாலும் ‘நேரோபேண்ட் யு.வி.பி’. கதிர் 311 நானோமீட்டரை ஒட்டிய ஒரே ஒரு குறுகிய துண்டு. நிறம் போன இடத்தில் நிறச்செல்லை எழுப்ப அந்தத் துண்டு போதும் என்று கண்டுபிடித்து, மற்றதை விட்டுவிட்டார்கள்.

இந்த வைத்தியம் நமக்கு ஒன்றும் புதிதல்ல. நாட்டு மருந்துக் கடையில் கார்போகரிசி கேட்டிருப்பீர்கள். அதை அரைத்துப் பூசி வெயிலில் உட்கார வைப்பது பழைய வழக்கம். அதில் இருக்கும் சோராலின் என்ற பொருள், தோலில் வெயில் அதிகமாக உறைக்கும்படி செய்யும். சோராலின் மாத்திரை கொடுத்து யு.வி.ஏ காட்டும் ‘புவா’ முறை 1974-இல் பிரபலமானதும் இந்த அடிப்படையில்தான். புவாவை வருடக்கணக்கில் எடுத்த வெள்ளைத் தோல்காரர்களுக்குத் தோல் புற்று கூடியது உண்மை. நேரோபேண்டுக்கு மாறியதற்கு அதுவும் ஒரு காரணம். இதில் அந்த அளவு ஆபத்து இதுவரை தெரியவரவில்லை. கார்போகரிசியை மட்டும் வீட்டில் நீங்களாகப் பூசி வெயிலில் உட்கார வைக்காதீர்கள். கொப்புளம் போட்டு வந்த பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

லைட்டில் எல்லாமே அளவுதான். என் தவறு ஒன்றைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் (பெயர் எதற்கு?) ஒவ்வொருவருக்கும் ஓர் அட்டை. தேதி, அளவு, தோல் சிவந்ததா இல்லையா என்று மூன்று கட்டம். வாரம் இரண்டு மூன்று தடவை, அடுத்தடுத்த நாளில் இல்லாமல். சில விநாடிகளில் தொடங்கி, ஒவ்வொரு தடவையும் பத்து சதவீதம் போலக் கூட்டுவோம். காவேரிப்பட்டணம் பக்கத்துப் பெண் ஒருத்தி ஒழுங்காக வந்துகொண்டிருந்தவள், மாங்காய் சீசனுக்குக் கூழ் ஆலை வேலைக்குப் போய்விட்டாள். ஐந்து வாரம் கழித்து ஒரு திங்கட்கிழமை வந்தாள். அன்றைக்கு வெளியே நாற்பது பேர். அட்டையில் கடைசி அளவைப் பார்த்தேன், பத்து சதவீதம் கூட்டினேன், கதவை மூடினேன். தேதிக் கட்டத்தைப் பார்க்கவில்லை. அவ்வளவு இடைவெளி விட்டால் பாதிக்கும் கீழே இறக்கி ஆரம்பிக்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். இருந்தும் பார்க்கவில்லை.

மறுநாள் காலை வந்து நின்றாள். கை இரண்டும் மிளகாய் அரைத்த அம்மி போல. ‘மாம்பால் பட்டுடுச்சுன்னு நெனச்சேன் அக்கா, தேங்காய் எண்ணெய் போட்டுப் படுத்துட்டேன்’ என்றாள். என் தப்பு என்று சொன்னபோது அவள் நம்பவே இல்லை, மாம்பால்தான் என்று சாதித்தாள். பத்து நாளில் ஆறிவிட்டது. அன்று முதல் தேதிக் கட்டத்தைச் சிவப்பு மையில் சுற்றிவிட்டுத்தான் பட்டனைத் தொட்டேன்.

அதனால் உங்களிடம் சொல்வது இதுதான்: மகள் ஒரு வாரம் தவறினால்கூட உள்ளே போகும் முன் வாயைத் திறந்து சொல்லுங்கள். கறுப்புக் கண்ணாடி கட்டாயம். லைட் எடுத்த நாளில் வெயிலில் விளையாட வேண்டாம். முகம் சீக்கிரம் நிறம் பிடிக்கும், முழங்கால் தாமதமாகும், விரல் நுனி ரொம்பப் படுத்தும். மூன்று மாதத்தில் ஒன்றும் தெரியவில்லை என்று அழக்கூடாது. ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு டாக்டரிடம் பேசலாம்.

கேள்வி: ஜெர்மனியில் வேலை கிடைத்திருக்கிறது. அங்கே குளிர்காலத்தில் வைட்டமின் டி குறையும் என்றும், சோலாரியத்தில் படுத்தால் சரியாகும் என்றும் அங்கிருக்கும் நண்பர் சொல்கிறார். செய்யலாமா?
— வாசகர், காவேரிப்பட்டணம்

தம்பி, சோலாரியம் என்பது மேலே ஓசூர் அம்மாவுக்குச் சொன்ன அதே பெட்டிதான். வைட்டமின் டி செய்வது யு.வி.பி. அந்தப் பெட்டியில் இருப்பது பெரும்பாலும் யு.வி.ஏ. இட்லி வாங்க இரும்புக் கடைக்குப் போகிற கதை. குளிர்காலத்தில் அங்கே குறையும் என்பது மட்டும் நிஜம். சூரியன் தாழ்வாகவே போவதால் யு.வி.பி தரைக்கு வந்து சேராது, நம் நிறத்துக்கு இன்னும் சிரமம். மாத்திரை இருக்கிறது. போவதற்கு முன் ரத்தம் பார்த்து, டாக்டர் சொன்ன அளவில் சாப்பிடுங்கள்.

விளக்கு வைத்தியம் அந்தப் பக்கத்துச் சொத்துதான், அதில் சந்தேகமில்லை. டென்மார்க்கின் நீல்ஸ் ஃபின்சன் தோல் காசநோய்க்கு விளக்கொளி கொடுத்து 1903-இல் நோபல் வாங்கினார். கோபன்ஹேகனில் எடுத்த படம் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். நடுவில் ஒரு பெரிய விளக்கு, சுற்றிலும் குழாய்கள், ஒவ்வொரு குழாயின் கீழும் ஒரு நோயாளி, ஒவ்வொரு நோயாளி பக்கத்திலும் ஒரு நர்ஸ் லென்ஸை அழுத்திப் பிடித்துக்கொண்டு. பரிசு டாக்டருக்கு, கை வலி யாருக்கு? பெர்லினில் 1919-இல் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி வைட்டமின் டி குறைந்து எலும்பு வளைந்த குழந்தைகளைப் பாதரச விளக்கின் கீழ் வைத்துச் சரிசெய்தார். மாத்திரை இல்லாத காலத்து வைத்தியம் அது.

கேள்வி: வெள்ளைக்காரன் கறுக்கக் காசு கொடுக்கிறான், நாம் வெளுக்கக் காசு கொடுக்கிறோம். இரண்டு பேரில் யாருக்குப் பைத்தியம்?
— வாசகர், பாலக்கோடு

இரண்டு பேரிடமும் காசு வாங்குகிறவன் தெளிவாக இருக்கிறான்!

நூறு, நூற்றைம்பது வருடம் முன்னால் அவர்களும் குடை பிடித்தவர்கள்தான். வயலில் வேலை செய்பவன் கறுப்பு, மாளிகையில் இருப்பவள் வெளுப்பு. பிறகு வேலையெல்லாம் ஆலைக்குள்ளும் ஆபீசுக்குள்ளும் போனதும், கடற்கரைக்குப் போக வசதியுள்ளவன் கறுப்பு என்று கணக்கு திரும்பிவிட்டது. நமக்கு இன்னும் திரும்பவில்லை. தக்காளி பறிக்கிறவர்களைப் பார்த்தால் தெரியும்: சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு. அழகுக்கு என்று சிரிப்பார்கள், ஆனால் யு.வி. குறியீடு 12-க்கு அதைவிட நல்ல மருந்து கிடையாது.

கவலை வேறு இடத்தில். வெளுக்க என்று மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் டியூப் க்ரீமைத் திருப்பிப் பாருங்கள். சின்ன எழுத்தில் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்று எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. முதல் மாதம் பளிச்சென்று இருக்கும். மூன்றாவது மாதம் முகம் சிவந்து, பரு வெடித்து, கன்னத்தில் முடி முளைத்து வருவார்கள், துப்பட்டாவால் மூடிக்கொண்டு. திடீரென்று நிறுத்தினாலும் எரியும் என்பதால் நிறுத்துவதற்கும் தோல் டாக்டரிடம்தான் போக வேண்டும். வீட்டில் அப்படி ஒரு டியூப் இருந்தால் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள். ‘என்னமோ வெள்ளைக் க்ரீம்’ என்று சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.