சக்தி தீர்ந்தால் தசை தளரத்தானே வேண்டும், இறந்தவர் உடல் ஏன் விறைக்கிறது?

தளராது. பிடித்த பிடியை விடுவதற்கே தசைக்கு ஏடிபி (உயிரணுக்கள் சக்திக்காகச் செலவிடும் மூலக்கூறு) வேண்டும், சிக்கல் அங்கேதான்.

தசைக்குள் இரண்டு வகை இழைகள் ஒன்றின் ஊடே ஒன்று செருகிக் கிடக்கின்றன. தடித்தது மயோசின், மெலிந்தது ஆக்டின். தசை சுருங்கும்போது இரண்டுமே நீளம் குறைவதில்லை, ஆக்டின் இன்னும் உள்ளே சறுக்கிப் போகிறது, அவ்வளவுதான். 1954-இல் நேச்சர் என்ற அறிவியல் ஏட்டின் ஒரே இதழில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இதைத் தனித்தனியாக எழுதின. இரண்டிலும் ஹக்ஸ்லி என்ற பெயரில் ஒருவர் இருந்தார், இருவருக்கும் உறவு ஏதும் கிடையாது.

இழுப்பது மயோசினின் தலைகள். ஒரு தடித்த இழையில் நூற்றுக்கணக்கான தலைகள் இருக்கும். ஒவ்வொன்றும் ஆக்டினைப் பற்றி, சில நானோமீட்டர் தூரம் இழுத்துவிட்டு, அப்படியே ஒட்டிக்கொண்டு நிற்கும். புது ஏடிபி ஒன்று வந்து தலையில் உட்கார்ந்தால்தான் பிடி விடும். பிறகு அந்த ஏடிபி உடைந்து, தலை மறுபடி நிமிர்ந்து அடுத்த இழுப்புக்குத் தயாராகும். கிணற்றில் வாளிக் கயிற்றை இழுக்கிறவர் ஒரு கையை விட்டு முன்னால் பிடிப்பாரே, அதே கதைதான். எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் விடுவதில்லை என்பதால் கயிறு நழுவுவதும் இல்லை.

எப்போது பிடிக்கலாம் என்பதைத் தீர்மானிப்பது கால்சியம். அது ஆக்டின் இழையில் இருக்கும் ட்ரோபோனின் என்ற புரதத்தில் ஒட்டியதும், ஆக்டினை மறைத்துக்கொண்டிருக்கும் ட்ரோபோமயோசின் என்ற இன்னொரு புரதம் விலகி வழிவிடும். வேலை முடிந்ததும் கால்சியத்தைத் தசை அணுவுக்குள் இருக்கும் அதன் சேமிப்புப் பையில் திரும்ப ஏற்றவேண்டும், அந்தப் பம்பும் ஏடிபியில்தான் ஓடுகிறது. ஆக ஓய்வெடுக்கவும் தசைக்கு இரண்டு இடத்தில் செலவு.

இப்போது மரணத்துக்கு வருவோம். மூச்சு நின்றதும் ஏடிபி உடனே தீர்ந்துவிடாது. கறிக்கடையில் அப்போதுதான் உரித்த ஆட்டுத் தொடையில் சதை தானாகத் துடிப்பதைப் பார்த்திருப்பீர்கள், மிச்சமிருக்கும் ஏடிபியில் நடப்பதுதான் அது. அப்புறம் கையிருப்பு தீரும், கால்சியம் கசியும், பிடித்த தலைகள் பிடித்தபடியே நின்றுவிடும். மனித உடலில் சில மணி நேரத்தில் இமையிலும் தாடையிலும் முதலில் தெரியும், சுமார் 12 மணி நேரத்தில் உடல் முழுக்க விறைத்துவிடும். வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். சாவதற்கு முன் ஓடியோ வலிப்பு வந்தோ தசை களைத்திருந்தாலும் சீக்கிரம்தான்.

ஓரிரு நாளில் உடல் மறுபடி தளர்வது பிடி விட்டதால் இல்லை, நொதிகள் தசைப் புரதங்களையே அரித்துவிடுவதால்.

தூக்கத்தில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பதும் இதுதானா என்று கேட்டால், இல்லை. அங்கே ஏடிபி இருக்கிறது, நரம்புதான் ஓயாமல் கட்டளை அனுப்பிக்கொண்டிருக்கிறது. பாதத்தை முட்டிப் பக்கமாக மடக்கி இழுத்துப் பிடியுங்கள், சரியாகிவிடும்.