லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் குறைந்த செலவில் கச்சேரி கேட்க முடியுமா?

தாராளமாக முடியும். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரை இங்கே நடக்கும் பிபிசி ப்ராம்ஸ் என்ற மேற்கத்திய செவ்வியல் இசை விழாவுக்குப் போங்கள். நின்று கேட்பதற்கான டிக்கெட்டுகள் கச்சேரி நாளன்று காலையில் விற்பனைக்கு வரும். 2024-ல் விலை 8 பவுண்டு.

இந்த விழா 1895-ல் குவீன்ஸ் ஹாலில் தொடங்கியது. 1941-ல் அந்த அரங்கம் குண்டுவீச்சில் அழிந்தபின் இங்கே வந்தது. நின்று கேட்கும் வழக்கம் ஆரம்பத்திலிருந்தே உண்டு.

நிற்க இரண்டு இடங்கள். கீழே மேடைக்கு எதிரே அரீனா, உச்சியில் கேலரி. முதல்முறை என்றால் அரீனாதான் என் சிபாரிசு. வயலின் கலைஞர்களின் வில் ஒன்றாக இறங்குவதை அவ்வளவு பக்கத்தில் பார்ப்பது தனி அனுபவம், விலை உயர்ந்த இருக்கைகளில்கூட அது கிடைக்காது. கால்வலி உள்ளவர்களுக்குக் கேலரி நல்லது. அங்கே தரையில் உட்கார்ந்தும் கேட்கிறார்கள்.

அண்ணாந்து பார்த்தால் கூரையிலிருந்து பெரிய காளான்கள் போலத் தொங்குவது தெரியும். 1871-ல் திறந்த நாளிலிருந்தே இந்த அரங்கில் எதிரொலித் தொல்லை இருந்தது. அதைக் குறைக்க 1969-ல் மாட்டிய கண்ணாடியிழைத் தட்டுகள் அவை.

சிம்பொனியின் பகுதிகளுக்கு நடுவே கைதட்டலாமா என்று பயப்பட வேண்டாம். ப்ராம்ஸில் பலரும் தட்டுவார்கள். போனை மட்டும் அணைத்துவிடுங்கள். அப்புறம், சவுத் கென்சிங்டன் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம்.