அப்பாவின் இன்ஹேலர் மருந்துப் பட்டியலில் இல்லையா? முழு விலை கொடுத்துவிடாதீர்கள்

ஜனவரியில் மெடிகேர் பார்ட் டி (அமெரிக்க அரசின் முதியோர் காப்பீட்டில் மருந்துக்கான பகுதி) பிளானை மாற்றியதும் அப்பாவின் இன்ஹேலர் புதுப் பிளான் செலவை ஏற்கும் மருந்துகளின் பட்டியலில் இல்லை, பார்மசியில் முழு விலை கேட்கிறார்கள் என்கிறீர்கள். அவசரப்பட்டுக் கட்டிவிடாதீர்கள், பட்டியலில் இல்லாத மருந்துக்குக் கொடுக்கும் காசு மருந்துக்கு நம் கையிலிருந்து கட்டும் தொகையின் வருடாந்திர உச்சவரம்பில் (2025இல் 2,000 டாலர்) சேராது. ஏற்கெனவே எடுத்துவரும் மருந்து என்றால், புதுப் பிளானில் சேர்ந்த முதல் 90 நாளுக்குள் பிளான் ஒருமுறை ஒரு மாதத்துக்குத் தற்காலிகமாகத் தர வேண்டும். ‘டிரான்சிஷன் ஃபில்’ என்று கேளுங்கள்.

அப்புறம் டாக்டரிடம் பேசுங்கள். அதே வகை இன்ஹேலர் வேறொன்று பட்டியலில் கீழ் அடுக்கில், அதாவது குறைந்த செலவில், இருக்கலாம், ஆனால் பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் பி.ஏ. என்று இருந்தால் பிளானின் முன் அனுமதி வேண்டும், எஸ்.டி. என்றால் முதலில் வேறொரு மருந்தை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். என் அம்மாவுக்கு அப்படித்தான் வேறு இன்ஹேலர் மாற்றினோம், உறிஞ்சும் முறையே வேறு, நர்ஸ் முன்னால் இரண்டு மூன்று தடவை செய்து காட்டித்தான் பழகினார்.

மாற்று ஒத்துவராது என்றால் டாக்டர் காரணம் எழுதி விதிவிலக்கு கேட்கட்டும். அந்தக் கடிதம் கிடைத்த 72 மணி நேரத்தில், உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் 24 மணி நேரத்தில், பிளான் பதில் சொல்லியாக வேண்டும். மறுத்தால் மேல்முறையீடு செய்யுங்கள். இன்னும் எத்தனை டோஸ் மிச்சம் என்று இன்ஹேலரில் காட்டும் எண்ணிக்கையை இப்போதே பாருங்கள்.